சாதிக்காயும் உரைகல்லும்

சாட்டி வெண்மணலில் கால் நனைத்தவர்களுக்கு ஒரு செய்தி. சாட்டி இருக்கிற வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லைடன். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அவர்களுடைய வணிகக் கொம்பனி, 1621இலேயே இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றொழித்தது. எல்லாம் சாதிக்காய்க்காக. அந்நாளில் உலகச் சந்தைக்கு அது வந்தது அந்தச் சின்னத் தீவுகளிலிருந்துதான். வேறு மண்ணில் முளைத்துவிடக் கூடாதென்று, கொட்டைகளைச் சுண்ணாம்பில் தோய்த்தே விற்றார்கள்.

தமிழருக்கோ சாதிக்காய் அதற்கு வெகுகாலம் முன்பே பழக்கம். வெற்றிலையோடு சேரும் ஐந்து வாசனைப் பொருள்களில் அதுவும் ஒன்று. நம் தீவுகளுக்குச் சரக்குக் கப்பல்கள் வந்ததை நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது: ஊர்காவற்றுறையில் அப்படியொரு கப்பல் உடைந்தால், சரக்கில் சரிபாதி அரசனுக்கு.

எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதி படைத்தவர்கள் சட்டைப்பையில் சாதிக்காயும் சின்ன வெள்ளித் துருவியும் கொண்டுபோவார்கள். மதுபானத்தின் மேல் தாங்களே துருவித் தூவிக்கொள்வார்கள். இதயம், முட்டை, சிப்பி வடிவங்களில் செய்த அந்தத் துருவிகளை இன்று சேகரிப்பவர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

நம் வீட்டுத் துருவி எது? உரைகல்! பழைய வீட்டுச் சாமான்களைத் தேடிப் பதிவுசெய்வது என் வேலை. வேலணையில் ஒரு வீட்டுக் கிணற்றடியில், சவர்க்காரம் வைத்திருந்த கல்லொன்றைக் கண்டேன். உள்ளங்கையளவுதான், நடுவில் வழவழவென்று குழி. "தம்பி, அது என்ர அம்மம்மா பிள்ளையளுக்கு மருந்து உரைச்ச கல்" என்றார் அந்த வீட்டு ஆச்சி. கழுவி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சாதிக்காயை உரைத்தும் காட்டினார். "ரெண்டு சுத்துக் காணும். கூடினால் பிள்ளைக்கு மயக்கம் வரும்." தாய்மாரே, வைத்தியரைக் கேளாமல் நீங்கள் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த அளவறிவைக் கவனியுங்கள்: தராசில்லாமல், விரல் சுற்றிலேயே மருந்தளந்த கை அது.

நேரம் நெருங்குகிறது. வெள்ளித் துருவியைச் செய்தவர் யாரென்று அதன் முத்திரை சொல்லும். நம் கல்லுக்காக ஆச்சிமார்தான் பேச வேண்டும். யார் உரைத்த கல், எந்தப் பிள்ளைகளுக்கு என்று கேட்டு, எழுதி, கல்லோடு வையுங்கள். இந்த வாரமே ஒரு வீட்டிலாவது அது நடக்குமென்று நம்புகிறேன்.