இனிப்புநீர்த் தாதியருக்கும் துணை வேண்டும்



இனிப்புநீர் வியாதியைப் பற்றி வானொலியில் பேசினால், எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று ஒரு பட்டியல் வாசிக்கப் போகிறார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இன்று அந்தப் பட்டியல் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே அலுத்துவிட்டது; கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். அந்தப் பட்டியலை நாள்தோறும் சொல்லிக் கொடுக்கின்றவர்களைப் பற்றி, அதாவது எங்களைப் பற்றியே, இன்று சிறிது பேச எண்ணுகிறோம். இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று வானொலியை மூடிவிட வேண்டாம். உங்கள் காலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

கிளினிக்கில் டாக்டரின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேசையின் மேல் பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் மீன், ஒரு பொம்மைப் பாதம், இன்சுலின் போடும் பேனா ஊசி எல்லாம் இருக்கும். டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்ததை, "மிஸியைப் போய்ப் பாருங்கள், அவர் விளக்குவார்" என்று அனுப்பிவைப்பார். அந்த மிஸிதான் நாங்கள். எங்களில் தாதியர் அதிகம். உணவியலாளர்களும் மருந்தாளர்களும் உண்டு.

வேலைக்குக் குறைவில்லை. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் இருந்தது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 15.6 ஆகக் குறைந்திருந்தாலும், நம் இந்தியர்களிடையேதான் விகிதம் மிக அதிகம். சிங்கப்பூரில் 2016-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. போர் என்றால் படை வேண்டுமல்லவா? படையில் டாக்டர்களை எல்லாரும் எண்ணுவார்கள். சிறிய அறையில் உட்கார்ந்திருப்பவரை அவ்வளவாக எண்ணமாட்டார்கள்.

இந்தத் தொழில் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் போஸ்டன் நகரில் எலியட் ஜோஸ்லின் என்றொரு டாக்டர் இருந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1918-இல், நோயாளியும் டாக்டரும் சேர்ந்து படிக்கும்படியான கையேடு ஒன்றை அவர் எழுதினார். இந்நோயில் நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிறகு 1922-இல் கனடாவின் டொராண்டோ நகரில் முதல் இன்சுலின் ஊசி ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. ஊசி வந்ததும் புதிய தொல்லை ஒன்றும் உடன் வந்தது. நாள்தோறும் வீட்டில் அதை யார் போடுவது? அளவு பார்ப்பது எப்படி? சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்வது? இவற்றை வீடு தேடிச் சென்று சொல்லிக் கொடுக்க ஜோஸ்லின் தாதியரைப் பழக்கி அனுப்பினார். எங்கள் தொழிலின் மூத்தவர்கள் அவர்கள்தாம்.

இந்தச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு உண்மையில் பலன் உண்டா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும், சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படுகிற வகை நோய் கண்ட 1441 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரத் தீவிரமாக முயன்ற பிரிவினருக்குக் கண்ணில் நோய் தோன்றும் அபாயம் 76 சதவிகிதம் குறைந்தது. அவர்களுக்கென்று தனிப்பட்ட அதிசய மருந்து எதுவும் தரப்படவில்லை. அதே இன்சுலின்தான். ஆனால் மாதந்தோறும் அவர்களைப் பார்த்து, இடையிடையே தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்து, அளவைத் திருத்த தாதியரும் உணவியலாளரும் கொண்ட குழு ஒன்று உடனிருந்தது. குழு என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அங்கே யாரும் தனியாக வேலை செய்யவில்லை.

நம் பக்கத்துச் சிறு பட்டணத்துக் கிளினிக்குகளில் நிலைமை வேறு. அங்கே இந்த வேலைக்கென்று ஒரே ஒருவர்தான் இருப்பார். அவரே ஊசி சொல்லிக்கொடுப்பார், பாதம் பார்ப்பார், புத்தகத்தில் எழுதுவார். சந்தேகம் வந்தால் கேட்க அவருக்கு யாருமில்லை. டாக்டரைக் கேட்கலாம், ஆனால் வெளியே அறுபது பேர் டாக்டருக்காகக் காத்திருப்பார்கள்.

அப்படித் தனியாக இருந்த எங்கள் தாதி ஒருவரிடம் லோரி ஓட்டும் ஐயா ஒருவர் வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், ஊசியைத் தவறவிட்டதே இல்லை. ஆனால் சர்க்கரை மட்டும் ஒரு நாள் 18, மறுநாள் 5 என்று ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தது. இன்சுலின் 22 யூனிட்டிலிருந்து 30 ஆயிற்று. பிறகு 38 ஆயிற்று. ஐயா களவாகத் தின்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மனைவியும் அப்படியே நினைத்து, வீட்டில் சண்டை. வேறோர் ஊரில் வேலை செய்யும் மூத்த தாதியிடம் இவர் ஒரு நாள் தொலைபேசியில் மனம் விட்டுப் பேசியபோது, அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாயா?" என்பதுதான்.

தொட்டுப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. தொப்புளுக்கு இடப்பக்கம் ரப்பர் பந்துபோல ஒரு கட்டி. "அங்கே குத்தினால் வலிக்கிறதில்லை மிஸி" என்று ஒன்பது வருடமாக ஒரே இடத்தில் போட்டு வந்திருக்கிறார் ஐயா. இன்சுலின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் அங்குள்ள கொழுப்புத் தசை தடித்துப் போகும். அதற்குள் போகின்ற மருந்து ஒரு நாள் இரத்தத்தில் சேரும், ஒரு நாள் சேராது. அக்கா இன்னொன்றும் சொன்னார்: "இடத்தை மாற்றச் சொல். ஆனால் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்துவிட்டு மாற்றச் சொல். நல்ல இடத்தில் அதே 38 போட்டால் ஐயா லோரியிலேயே மயங்கி விழுந்துவிடுவார்." முதல் யோசனை பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டாவதை அந்த வேளையில் நினைவூட்ட ஆள் வேண்டும். இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால், இன்றைக்கே உங்கள் வயிற்றைத் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் மறைக்காமல் காட்டுங்கள்.

அந்தத் தொலைபேசிப் பேச்சிலிருந்துதான் எங்கள் மாதக் கூட்டம் தொடங்கியது. சில ஊர்களைச் சேர்ந்த நாங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கூடுகிறோம். மலாய்க்காரத் தாதியரும் சீனத் தாதியரும் வருகிறார்கள். நோயாளியின் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். தேநீர் மட்டும் கொசோங். பக்கத்தில் கறிபாப் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அங்கே கற்றுக்கொண்டவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். "நீங்கள் சீனி சேர்ப்பீர்களா?" என்று கேட்டால் நம்மவர்கள், "சீனியே தொடுவதில்லை மிஸி" என்று சத்தியம் செய்வார்கள். பொய்யில்லை. தே தாரேக்கில் ஊற்றுகிற இனிப்புப் பாலை அவர்கள் சீனி என்று கணக்கில் வைப்பதில்லை. ஆகவே அப்படிக் கேட்காமல், "காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள், எந்தக் கடையில்?" என்று கேட்கும்படி ஒரு சீனத் தோழியர் சொல்லிக் கொடுத்தார். நோன்பு மாதத்தில் விடியற்கால உணவுக்கும் மாலையில் நோன்பு துறப்பதற்கும் ஏற்ப மருந்து வேளையை மாற்றுவது பற்றி மலாய்த் தோழியர் விளக்குவார்கள். தைப்பூச விரதம் இருப்பவர்களைப் பற்றி அவர்கள் எங்களைக் கேட்பார்கள். ஒரு தோசை என்றால் எவ்வளவு பெரியது என்று ஒரு நாள் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. வீட்டுத் தோசை வேறு, கடைத் தோசை வேறு என்பதை அவர்களுக்குப் புரியவைக்கத் தட்டு வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

இவை எல்லாம் கூட்டத்தின் ஒரு பாதி. மற்றொரு பாதியைச் சொல்லத்தான் இந்தப் பேச்சையே எடுத்துக்கொண்டோம்.

எங்களில் ஒருவர் இந்த வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிக் கொண்டு ஒரு சனிக்கிழமை வந்தார். அவரிடம் வந்துகொண்டிருந்த அம்மா ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்த அம்மா. ஆறு வருடமாகப் பாதத்தைப் பார், பாதத்தைப் பார் என்று இவர் சொல்லி வந்திருக்கிறார். இந்நோயில் நரம்பு மரத்துப் போவதால் கல் குத்தினாலும் தெரியாது. ஆகவே கண்ணால் பார்க்க வேண்டும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறார். அப்படியும் கால் போயிற்று. "நான் சொல்லி என்ன பயன்?" என்று அவர் அழுதார். நாங்கள் யாரும் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. மூத்த அக்கா, "எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார்" என்று தம் கதையைச் சொன்னார். பிறகு இன்னொருவர் சொன்னார். அன்றிரவு ஒன்பது மணி வரைக்கும் இதே பேச்சுத்தான். அறையில் இருந்த பதினொரு பேரில் அப்படி ஒரு கதை இல்லாதவர் இரண்டே பேர். இருவரும் வேலைக்குப் புதியவர்கள்.

எல்லாம் பேசி முடிந்த பிறகுதான் அக்கா கேட்டார்: "அந்த அம்மா புண்ணை எப்போது பார்த்தார்?"

இவருக்குத் தெரியவில்லை. மறு வாரம் வார்டுக்குப் போய் அந்த அம்மாவிடமே கேட்டார். ஜப்பான் சிலிப்பரின் வார் விரலிடுக்கில் அறுத்ததை அந்த அம்மா முதல் நாளே பார்த்துவிட்டாராம். சொல்லிக் கொடுத்தது போலவே பார்த்திருக்கிறார். ஆனால் பதினொரு நாள் கிளினிக்குக்கு வரவில்லை. "சிலிப்பர் போடாதே என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். வந்தால் ஏசுவீர்கள் என்று பயந்து மஞ்சள் வைத்துக் கட்டினேன்" என்றாராம்.

நேயர்களே, அந்த ஒரு வார்த்தையை நாங்கள் இன்னும் செரித்து முடிக்கவில்லை. நாங்கள் ஏசுகிறவர்கள்தாம். நாற்பது பேருக்கு ஒரே பாடத்தைச் சொன்ன பிறகு நாற்பத்தொன்றாவது ஆள் 16 என்று சர்க்கரையைக் காட்டினால் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை. களைத்தவர் ஏசுவார், தனியாக இருப்பவர் அதிகமாக ஏசுவார். ஏச்சு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார், அல்லது வரவே மாட்டார். எங்களுக்குத் துணை வேண்டும் என்று நாங்கள் சொல்வது எங்கள் சௌகரியத்துக்காக மட்டுமன்று. அந்தப் பதினொரு நாளில் ஒரு கால் போயிற்று.

அதற்குப் பிறகு கூட்டத்தில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தோம். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் தாதியாகவும் பேசிப் பார்க்கிறோம். நோயாளியாக உட்காருகிறவருக்குத்தான் தெரிகிறது, "ஏன் வரவில்லை?" என்ற கேள்வி எவ்வளவு சுடுகிறது என்று. இப்போது எங்களில் பலர், "இந்த மாதம் எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டுத் தொடங்குகிறோம். எல்லா நாளும் முடிகிறதென்று சொன்னால் பொய்யாகிவிடும்.

இதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்பதில்லை. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டிலேயே நீரிழிவுக் கல்வியாளர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டார்கள்; 1986-இல் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2020-இல் அந்தச் சங்கம் தன் பெயரையே மாற்றி, நீரிழிவுப் பராமரிப்பு, கல்வி நிபுணர்களின் சங்கம் என்று ஆக்கிக்கொண்டது. வெறும் பாடம் சொல்பவர் என்ற பெயர் இந்த வேலைக்குப் போதாது என்பதை அவர்களும் உணர்ந்தார்கள் போலும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்துறையினருக்குச் சங்கங்கள் உண்டு, மாநாடுகளும் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் மாநாட்டில் அழ முடியாது. அதற்குப் பதினொரு பேர் உள்ள அறைதான் வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அந்த அறையும் மூடப்பட்டது. எங்களில் பலரைக் கோவிட் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் வீடுகளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்சுலின் இருக்கிறதா, பாதம் பார்த்தீர்களா என்று விசாரித்தோம். ஒவ்வோர் இரவும் எங்களுக்குள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதையும் விடவில்லை. அவ்வாண்டு நவம்பர் 14, உலக நீரிழிவு தினத்துக்குத் தாதியரைப் பற்றிய பொருளையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட அக்கா பாதிப் பேச்சில் தூங்கிப் போனார்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். புண்ணைக் கண்டால் அன்றே வாருங்கள். எங்கள் முகம் கடுகடு என்று இருந்தாலும் வாருங்கள். "மிஸி, ஏசாமல் கேளுங்கள்" என்று தொடங்கினால் எங்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். எங்களுக்கு அது உதவியாகவே இருக்கும். சிறு பட்டணத்தில் தனியாக இந்த வேலை பார்க்கும் தங்கை யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், பக்கத்து ஊர்க் கிளினிக்கில் உன்னைப் போல ஒருவர் இருப்பார். இந்த வாரமே கூப்பிட்டுப் பேசு.

வேலையை விடுவதாகச் சொன்னவர் இன்னும் விடவில்லை. அந்த அம்மாவுக்குச் செயற்கைக் கால் பொருத்தியாயிற்று. மற்றக் காலை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். வருகிற சனிக்கிழமைக் கூட்டத்தில் செருப்பைப் பற்றிப் பேச இருக்கிறோம். நம் ஜனங்கள் உண்மையில் என்ன போட்டு நடக்கிறார்களோ அதைச் சந்தையில் வாங்கி ஆளுக்கொரு ஜோடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அக்கா.