மாணவன் அறையில் ஓர் அடுப்பு



பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பல்கலைக்கழகக் கல்விக்கெனச் சென்று, வாடகை அறையில் தங்கும் பிள்ளைக்கு உடையும் புத்தகமும் கொடுத்து அனுப்புகின்றோம். சமைக்கக் கற்பித்து அனுப்புவோர் சிலரே. மகளுக்கேனும் கற்பிப்பர்; மகனுக்கு அது வேண்டாத வேலை என்பர். பசி ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. மாத இறுதியில் கைப்பணம் குறைந்ததும் காலை உணவைக் கைவிட்டதாக, என்னிடம் பயின்று சென்ற மாணவர் பலர் கூறக் கேட்டிருக்கின்றேன்.

இவர்கள் இரண்டு உணவுகளைச் செய்ய அறிந்தாற் போதும். முதலாவது பருப்புக் கறி. மைசூர்ப் பருப்பைக் கழுவி, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் சேர்த்து, மூழ்க நீர்விட்டு அவித்தால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் வெந்துவிடும். பின்னர் உப்பும் தேங்காய்ப்பாலும் இட்டு, கொதி வந்ததும் இறக்கலாம். அரிசியிற் குறைவாயுள்ள லைசீன் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்கின்றது. ஆதலின், சோறும் பருப்பும் ஏழையின் உணவென்று இகழத்தக்கதன்று.

இரண்டாவது ரொட்டி. பாண் சுடப் போறணை வேண்டும். ரொட்டிக்குத் தோசைக்கல்லே போதும். கோதுமை மா இரண்டு பங்கு, தேங்காய்ப்பூ ஒரு பங்கு, சிறிது உப்பு. நீர் தெளித்துப் பிசைந்து, தட்டி, மெல்லிய தீயில் இருபுறமும் சுடுதல் வேண்டும்.

பெற்றோரே, விடுமுறையில் வரும் மகனை விருந்தினன்போல் இருத்திப் பரிமாறுவதோடு நில்லாது, ஒருநாள் அடுக்களைக்கு அழையுங்கள். முதல் ரொட்டி கருகினாற் கருகட்டும். மூன்றாவது நன்றாக வரும்.