பூட்டச் சொன்னது சாதி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தம்பிக்கு 26 வயது. ஆட்டிசம் உடையவன். அதிகம் பேச மாட்டான். மனம் கலங்கினால் மெல்ல முனகுவான்.

நாங்கள் இடைநிலைச் சாதிக் குடும்பம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அம்மா அவனை உள்ளறையில் வைத்துப் பூட்டினார். முனகல் கூடம் வரை கேட்டது. "யாரு அது?" என்றார்கள். "பக்கத்து வீடு" என்றார் அம்மா. நான் காபித் தட்டோடு நின்றேன், வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பூட்டியது அம்மாவின் கை. பூட்டச் சொன்னது சாதி. குலம், ரத்தம், ஜாதகம் பார்த்துச் சொந்தச் சாதிக்குள்ளேயே சம்பந்தம் தேடும் ஏற்பாட்டில், "வம்சத்தில் குறை" என்ற ஒரு சொல் போதும், மற்ற பிள்ளைகளின் திருமணமும் நின்றுவிடும். அதனால் மறைக்கிறார்கள். அதற்கு மேல் 'முற்பிறவி வினை' என்று தாயின் தலையில் பழி வேறு.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் 'பாசமில்லாத தாய்தான் காரணம்' என்று சொன்னதுதான். ஆய்வுகள் வந்ததும் அதைக் கைவிட்டது. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, வளர்ப்பால் வருவதல்ல. அறிவியல் திருத்திக்கொண்டது. கர்மக் கோட்பாடு இன்றுவரை திருந்தவில்லை.

18 வயதில் பள்ளி முடிந்தது. பிறகு நான்கு சுவர்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து. இட ஒதுக்கீட்டின் அருமை நமக்குத் தெரியும். இந்த ஒரு விழுக்காடு ஒழுங்காக நிரப்பப்படுகிறதா என்று நாம் என்றாவது கேட்டோமா?

"எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?" அம்மா தினமும் கேட்கும் கேள்வி இது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டபூர்வப் பாதுகாவலர் கேட்டு விண்ணப்பிக்கலாம். கையெழுத்துக்கு அது உதவும். வாழ்வதற்கு ஊர் வேண்டும்.

தினமும் 4 மணிக்குத் தம்பி தெருமுனை டீக்கடைக்குப் போவான். கடைக்கார அண்ணன் சர்க்கரை குறைத்து ஆற்றிக் கொடுப்பார். சில்லறையை அவனே எண்ணும் வரை காத்திருப்பார். ஒருநாள் வராவிட்டால் எனக்கு போன் செய்வார். டீக்கடையில் தனிக்குவளையை எதிர்த்த மரபு நம்முடையது. அதே கடையில் இவனுக்கும் ஓர் இடம் இருப்பது நம் வேலையின் தொடர்ச்சிதான்.

இன்று அவனை அழைத்து வரவில்லை. ஒலிபெருக்கிச் சத்தம் அவனுக்கு வலி. அடுத்த கூட்டத்தில் சத்தத்தைக் குறையுங்கள். அமைதியான ஒரு மூலையை ஒதுக்குங்கள். எதிரியைத் திட்ட 'லூசு', 'மெண்டல்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அவரோடு இருங்கள். அந்த அம்மா ஒரு கல்யாணத்துக்காவது போய் வரட்டும்.

பின்னாளில் நான் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டேன். மாலை எடுத்துக் கொடுத்தது தம்பிதான். கைதட்டல் தாங்காமல் பாதியிலேயே வெளியே போய்விட்டான். பரவாயில்லை. அவனாகத்தான் போனான், கதவு திறந்திருந்தது.