துரு நீங்கிய சவரக்கத்தி

(பெரிய வியாழனன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



இன்று மாலை நம் ஆலயங்களில் பாதம் கழுவும் சடங்கைக் காணப்போகிறோம். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மேலுடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். பேதுரு மட்டும் மறுக்கிறார். தாம் பணிவிடை செய்ய வேண்டியவர் தமக்குப் பணிவிடை செய்வதை அவரால் தாங்க முடியவில்லை.

அந்தப் பேதுருவைப் போன்ற ஒருவரை நாங்கள் அண்மையில் பார்த்தோம். பழவேற்காடு ஏரிக்கரையில், ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் வாழ்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. அந்தச் சுற்றுக் குப்பங்களுக்கெல்லாம் அவர்தான் முடிதிருத்துபவராக இருந்தார். காலையில் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவார். நடக்கிற ஊருக்கு நடந்தும், தண்ணீர் குறுக்கிட்டால் படகிலும் போவார். பிள்ளைக்கு முதல் மொட்டை, மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சவரம், இறந்தவருக்குக் கடைசிச் சவரம், எல்லாம் அவர் கையால்தான்.

ஏரியில் வலை விடும் இடங்களைத் தலைக்கட்டுக் குடும்பங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதைப் பாடு என்கிறோம். அந்தக் கணக்கில் அவர் பெயர் கிடையாது. பாடு நன்றாக இருந்த வீட்டார் ஒரு கூறு இறாலோ மடவையோ கொடுப்பார்கள். அதைப் பின்வாசலில் நின்றுதான் வாங்கிக்கொள்வார். அவரிடம் சவரம் செய்துகொண்டவர்கள் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். நற்கருணை வாங்க அவரோடு ஒரே வரிசையில் நின்ற நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

அவருக்கு ஒரு மகன். பள்ளியில் பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இந்தப் பெட்டிய நான் தூக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஐ.டி.ஐ. படித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டர் வேலைக்குப் போய்விட்டார். கை நடுங்கத் தொடங்கியதும் தகப்பனார் பெட்டியைப் பரணில் ஏற்றினார். ஒரே வீட்டில் இருந்தும், தேவைக்கு ஒரு வார்த்தை என்றுதான் இருவரும் பல ஆண்டுகள் கழித்தார்கள்.

சென்ற ஐப்பசி மழையில் கூரை ஒழுகியபோது மகன் பரணை ஒழித்தார். பெட்டிக்குள் துணியில் சுற்றியபடி ஒரு மடக்குச் சவரக்கத்தி. ஏரிக்கரையின் உவர்க்காற்று சும்மா விடுமா? கத்தி முழுவதும் துரு. முனை உடைந்திருந்தது. கொம்பினாலான பிடியில் வெடிப்பு. காயலான் கடைக்குப் போட நினைத்தவர், துருவுக்கு அடியில் 'செஃபீல்டு' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரியவே நின்றார். சவரக்கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரம் அது. "நைனா, இத சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார். தகப்பனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

முதலில் கத்தியை நகத்தால் சுண்டிப் பார்க்கச் சொன்னார். கணீரென்று ஒலித்தால் உருக்கு முழுசாக இருக்கிறது. ஓசை அடைத்தால் எங்கோ விரிசல். கணீரென்றுதான் ஒலித்தது. மகன் கம்பெனிப் பழக்கத்தில் மோட்டார் சாணையை எடுத்தார். கிழவர் பதறிப்போனார். "நிறுத்துடா! சூடு ஏறினா நீலம் பாயும். நீலம் பாஞ்சா பதம் போச்சு. அப்புறம் எத்தன தீட்டினாலும் கூர் நிக்காது" என்றார். உண்மைதான். காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், உருக்கு மறுபடி 300 டிகிரி அளவுக்குச் சூடானால் இளகிவிடும். துருவைப் போக்குகிற அவசரத்தில் கத்தியையே கெடுத்துவிடலாம்.

ஆகவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, உப்புத்தாளில் கையால் தேய்த்தார்கள். சொரசொரப்பான தாளில் தொடங்கி நைசான தாள் வரை, பல ஞாயிற்றுக்கிழமைகள். துரு ஆழமாகத் தின்ற இடங்களில் கரும்புள்ளிகள் நின்றன. மகன் அவற்றையும் எடுத்துவிடப் பார்த்தார். "அத விட்டுடு. அதையும் தேச்சா கத்தி தேஞ்சிடும். வாயில துரு இல்லன்னா போதும்" என்றார் தகப்பனார். உடைந்த முனையை ஒட்ட வழியில்லை. அதனால் கத்தியை ஒரு நெல் நீளம் குறைத்து முனையை வட்டமாக்கினார்கள். பிடிக்குப் பூவரசங்கட்டையைச் செதுக்கி, பித்தளைக் கம்பியை ஆணியாக அடித்தார்கள். கத்தி பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. ஆனாலும் அது மறுபடி கத்தியாயிற்று.

கடைசியாகத் தீட்டுதல். சவரக்கத்தியைக் கல்லின்மேல் படுக்க வைக்க வேண்டும். முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் பட வேண்டும். முதுகைத் தூக்கினால் கூர் கோணிப்போகும். பிறகு தோல் பட்டையில் முதுகை முன்னால் விட்டு, வாயைப் பின்னால் இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் தோல் அறுந்துவிடும். கிழவர் மகனுடைய மணிக்கட்டைப் பிடித்து இதைச் சொல்லிக்கொடுத்தார். அவன் கையைத் தொட்டே எத்தனையோ வருடமாயிற்று என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

தமிழில் தீட்டு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கூராக்கு என்பது ஒன்று. அசுத்தம் என்பது மற்றொன்று. வாழ்நாளெல்லாம் கத்தியைத் தீட்டிய கையை நாங்கள் தீட்டு என்று ஒதுக்கியிருக்கிறோம். பாதம் கழுவிய ஆண்டவரை வணங்கிக்கொண்டே, நம் முகத்தைக் கழுவித் துடைத்த மனிதரைப் பின்வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

கத்தி தயாராயிற்று. யாருக்குச் சவரம் செய்வது? 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலில் கண்டறிந்தார்கள். எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியும் இரத்தத்தின் வழியே பரவக்கூடியவை என்பதால், ஒரே கத்தியால் பலருக்குச் சவரம் செய்யும் வழக்கம் குறைந்தது. ஆளுக்கொரு புதுப் பிளேடு வந்தது. அது நல்லதே. ஆகவே இந்தக் கத்தி இனி பல முகங்களுக்கு ஆகாது. ஒரே ஒரு முகத்துக்குத்தான் ஆகும்.

மகன் வெந்நீர் வைத்தார். "நைனா, உக்காரு" என்றார். "வேணாம்டா. நான் உக்காந்து நீ செய்யறதா?" என்று கிழவர் எழுந்துகொண்டார். ஊருக்கெல்லாம் சவரம் செய்தவர் வேறொருவர் முன் தாடையை உயர்த்தி உட்கார்ந்ததே இல்லை. பெட்டியைத் தூக்கமாட்டேன் என்று போன மகன் கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவ" என்றார். கிழவர் உட்கார்ந்தார். "இன்னும் படுக்க வை" என்று இடையில் ஒரு முறை சொன்னதைத் தவிர அவர் வேறு பேசவில்லை.

சகோதரரே, சகோதரிகளே, ஒப்புரவு என்பதும் இப்படித்தான். தகப்பனும் மகனும் பேசாத ஆண்டுகள் திரும்பி வரமாட்டா. உடைந்த முனை ஒட்டாது, கரும்புள்ளிகள் நிற்கும். ஆனால் துருவைப் பொறுமையாகத் தேய்த்தால், அடியில் நல்ல உருக்கு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பேச்சு நின்றுபோன ஒருவர் இருக்கலாம். கோபச் சூட்டோடு போகாதீர்கள், பதம் கெட்டுவிடும். ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்யக் கேட்டுப் பாருங்கள். அவர் உங்களுக்கு ஏதாவது செய்ய வந்தால், பேதுருவைப்போல் மறுக்காதீர்கள்.

எங்களுக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவர் சவரம் செய்த முகத்தோடு பூசைக்கு வந்தார். வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் வாருங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் துரு நீங்கியது, கோவிலில் நீங்கவில்லை. இன்று மாலை பாதம் கழுவப்படுபவர்களில் ஒருவராக உட்காரும்படி அவரைக் கேட்டிருக்கிறோம். இன்னும் சம்மதிக்கவில்லை. பூசைக்கு முன் மறுபடி போய்க் கேட்போம். இந்தத் தடவை முன்வாசலில் நாங்கள் நிற்போம்.

செபிப்போம். ஆண்டவரே, எங்களுக்குப் பணிவிடை செய்தவர்களை நாங்கள் தாழ்த்தியதை மன்னியும். எங்கள் உள்ளத்தின் துருவை உமது பொறுமையான கையால் நீக்கியருளும். பணிவிடை செய்யவும், பிறர் செய்யும் பணிவிடையைத் தாழ்மையோடு ஏற்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.