பூவில் கலந்த நஞ்சைத் தேனீ அறியாது
(அறக்கட்டளையின் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, மருந்து அடித்த பூவைத் தேனீ தானே ஒதுக்கிவிடாதா? அந்த அறிவை அல்லாஹ் அதற்குக் கொடுத்திருப்பானே?"

நியாயமான கேள்வி. திருக்குர்ஆனின் 16-வது அத்தியாயம் தேனீயின் பெயரால் அமைந்தது. அதற்கு வழிகாட்டியவன் இறைவன் என்பது நம் ஈமான்.

இதே கேள்வியை இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ப்புத் தேனீக்களுக்கும், அந்நாட்டுக் காடுமேடுகளில் வாழும் பம்பிள்பீ என்ற இனத்துக்கும் இரண்டு சர்க்கரைக் கரைசல்கள் வைத்தார்கள். ஒன்று வெறும் சர்க்கரை. மற்றதில் இமிடாகுளோப்ரிட் அல்லது தயாமீத்தாக்சம் மிகச் சிறிதளவு. இரண்டு இனமும் மருந்து கலந்ததையே அதிகம் நாடின! அந்த மருந்தின் சுவை அவற்றுக்குத் தெரியவே இல்லை. நம் மூளையில் நிக்கோட்டின் பிடிக்கிற அதே வகை இடத்தைத்தான் இவை தேனீயின் மூளையில் பிடிக்கின்றன.

2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பம்பிள்பீக் கூட்டங்களைப் பல நாட்கள் கவனித்தார்கள். நாள் ஆக ஆக மருந்து கலந்த தீனியை நாடுவது கூடியது. தட்டுகளை இடம் மாற்றி வைத்தும் அதைத் தேடிப் போயின. இமிடாகுளோப்ரிட் பட்ட பம்பிள்பீக்கள் மகரந்தம் சேர்ப்பதிலும் பின்தங்குவதை வேறோர் ஆய்வு காட்டியது. அதே 2018-ல், இவ்விரண்டோடு குளோதியானிடினையும் சேர்த்து, திறந்த வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது.

இமிடாகுளோப்ரிட்டும் தயாமீத்தாக்சமும் நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பவைதான். "சாயங்காலம் அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது" என்பார்கள். இவை செடி உறிஞ்சிக்கொள்ளும் மருந்துகள். சாற்றோடு ஏறி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் தங்கும். பூசணி, பாகல், வெள்ளரி காய்க்கத் தேனீ வரவேண்டும். விஷத்தை வைத்துவிட்டு விருந்துக்கு அழைக்கலாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள். பூக்கும் பருவத்திலும் அதற்குச் சற்று முன்பும் இவற்றைத் தொடாதீர்கள். பூச்சி உண்மையிலேயே மிகுந்தால் மட்டும், வேளாண் அலுவலரைக் கேட்டு மருந்து வாங்குங்கள். வேப்பங்கொட்டைக் கரைசலால் முடிகிற இடத்தில் அதையே, மாலையில் தெளியுங்கள்.

அந்தப் பெரியவருக்கு என் பதில்: அல்லாஹ் படைத்த பூவை அறியும் அறிவு தேனீக்கு உண்டு. அதில் நாம் கலந்ததை அறிய அதற்கு வழியில்லை. ஒதுங்க வேண்டியது தேனீ அல்ல, நாம். பூமி நம்மிடம் அமானிதம். அதைப் பேணும் நல்லுணர்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.