கை தடுமாறினால் குறை யாருடையது?

(வேங்கிக்காலில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா எழுந்து நின்றார். "மேடம், என்னை இந்தப் பொறுப்புல இருந்து எடுத்துடுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுபவர். சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் அவர் கையெழுத்துதான். ஒரு ரூபாய் கூட விட்டுப்போனது கிடையாது.

"ஏன்க்கா?" என்று கேட்டேன். "இப்ப எல்லாத்தையும் போன்ல ஏத்தணும்னு சொல்றாங்க. எனக்கு அது வரமாட்டேங்குது. நான் படிச்சதே எட்டாவதுதான்" என்றார்.

மெதுவாக விசாரித்தேன். இரண்டு மாதமாக அவர் குழுக் கணக்கை எதிர் வீட்டுப் பையன்தான் போனில் ஏற்றியிருக்கிறான். நல்ல பையன்தான். ஆனால் அவன் என்ன அழுத்தினான் என்று அக்காவுக்குத் தெரியாது. 1,200 ரூபாய் கட்டிய உறுப்பினர் பெயரில் 120 என்று விழுந்துவிட்டது. அந்த உறுப்பினர் சண்டைக்கே வந்துவிட்டார். நோட்டில் சரியாக எழுதி, கையெழுத்தும் வாங்கியிருந்ததால் தப்பித்தோம்.

யோசித்துப் பாருங்கள். நம்ம காசு, நம்ம குழு. ஆனால் கணக்கு நம்ம கையில் இல்லை. எத்தனையோ வருடம் போராடி வாங்கிய பொறுப்பை ஒரு போனைப் பார்த்துப் பயந்து விட்டுக்கொடுப்பதா? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

புது ரவிக்கை தைத்து வருகிறோம். தோள்பட்டை பிடிக்கிறது. என்ன செய்வோம்? "என் உடம்பு சரியில்லை" என்றா சொல்வோம்? தையல்காரரிடம் போய், "இந்த இடம் பிடிக்குது, பிரிச்சுத் தைச்சுக் குடுங்க" என்போம். ரவிக்கைக்கு அப்படிச் சொல்கிற நாம், போன் கைக்கு வராவிட்டால் மட்டும் "எனக்குப் படிப்பு இல்ல" என்று நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம்.

இப்படி மனிதர்கள் புதுக் கருவிகளை எப்படிப் பிடிக்கிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே ஒரு ஆராய்ச்சித் துறை இருக்கிறது. மனித-கணினி ஊடாட்டம் என்று அதற்குப் பெயர். கேட்க ஏதோ பெரிய ஊர் சமாச்சாரம் போல இருக்கும். ஆனால் அந்த ஆராய்ச்சியில் பேர்சொல்லும்படியான ஒன்று, நம்ம தமிழ்நாட்டில், நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களை வைத்துத்தான் நடந்தது.

தபன் பாரிக் என்பவர் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். 2000-களின் முதல் பாதியில் இந்தியாவுக்கு வந்து, குழுக்கள் கணக்கு எழுதும் முறையைக் கவனித்தார். தமிழ்நாட்டுக் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்தார். அவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். குழுப் பெண்களுக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கை உண்டு. கையெழுத்து போட்ட தாள் என்றால் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது. எழுத்து தடுமாறினாலும் எண் தடுமாறாது. காசு எண்ணத் தெரியாதவர் நம்மில் யார்?

அதனால் அவர்கள் காகிதத்தைத் தூக்கி எறியவில்லை. அதே படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறியீடு அச்சடித்தார்கள். இப்போது கடையில் பணம் கட்ட ஸ்கேன் பண்ணுகிறோமே, அந்த மாதிரி. கேமரா வைத்த செல்போனை அதன் மேல் காட்டினால், அந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று போனே பேசும். காதால் கேட்டு, எண்ணை மட்டும் அழுத்த வேண்டும். அவ்வளவுதான். இதற்கு 'கேம்' என்று பெயர் வைத்தார்கள்.

இது நடந்த காலத்தைப் பாருங்கள். டச் போன் வராத காலம். நம்மில் பாதிப் பேர் வீட்டில் செல்போனே கிடையாது. கிராமத்து ஆட்களைக் கொண்டே சோதித்துப் பார்த்தார்கள். சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். வேகத்திலும் சரி, தப்பில்லாமல் போடுவதிலும் சரி, கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஈடாக இருந்தது. குரல் கேட்பதும், எண் மட்டும் அழுத்துவதும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 2006-ல் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரத்தில் நடந்த உலக மாநாட்டில் இதைக் கட்டுரையாகச் சமர்ப்பித்தார்கள். 400 குழுக்களில் முன்னோட்டமாகச் செய்து பார்க்கிறோம் என்றும் அதில் எழுதினார்கள். குழுப் பெண்கள் எப்படிக் கணக்கு எழுதுகிறார்கள் என்பது உலக மாநாட்டில் பாடமானது.

இன்னொரு ஆராய்ச்சி பெங்களூரில் நடந்தது. இந்திராணி மேதி என்ற ஆராய்ச்சியாளர், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக, வீட்டு வேலை எங்கே கிடைக்கும் என்று காட்டும் ஒரு கம்ப்யூட்டர் திரையை உருவாக்கினார். அதில் எழுத்தே கிடையாது. படமும் குரலும்தான். அப்படியும் பெண்கள் தயங்கினார்கள். கம்ப்யூட்டரைத் தொடப் பயம். இதால் நமக்கு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. நமக்கு வேண்டிய வேலை விவரம் இந்தப் பெட்டிக்குள் எப்படி வந்தது என்றும் புரியவில்லை. நியாயமான கேள்விதானே? ஆராய்ச்சியாளர்கள் அதற்குப் பதிலாக ஒரு படம் எடுத்தார்கள். விவரம் எங்கிருந்து வருகிறது, அதை வைத்து ஒருவருக்கு எப்படி வேலை கிடைக்கிறது என்று கதை போலக் காட்டினார்கள். 2007-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. பயம் என்பது அறியாமை இல்லை, யாரும் விளக்கிச் சொல்லாததால் வருவது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒன்று. போன் நம்ம பேரில் இருந்தாலும் நம்ம கையில் மட்டும் இருப்பதில்லை. பிள்ளை விளையாடும், வீட்டுக்காரர் எடுத்துப் பார்ப்பார், மாமியார் பேசுவார். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் மூன்று நாட்டிலும் 199 பெண்களிடம் பேசி, நித்யா சாம்பசிவனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். போனைப் பூட்டுவது, ஒரு ஆப்பை மட்டும் பூட்டுவது, பார்த்ததை அழித்துவிட்டுக் கொடுப்பது என்று பெண்கள் எத்தனையோ வழிகளை அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அதில் சொன்னார்கள். ஒரு போன், ஒரே ஆள் என்று நினைத்துச் செய்யப்பட்ட கருவி நம்ம வீட்டுக்குப் பொருந்தாது. நம்ம குழுக் கணக்கு இருக்கிற போனுக்கும் இது பொருந்தும்.

கணக்கு போனுக்குப் போவது நிற்கப் போவதில்லை. 2015-லேயே நபார்டு வங்கி இ-சக்தி என்ற பெயரில் ஜார்க்கண்டிலும் மகாராஷ்டிராவிலும் ஒவ்வொரு மாவட்டத்தில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. சரியான கணக்கு உடனே கண்ணுக்குத் தெரிந்தால் வங்கியில் கடன் கேட்கவும் வசதிதான். ஆகவே போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன் வரட்டும், ஆனால் சாவி நம்ம கையில் இருக்கட்டும்.

அதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

1. நோட்டு நிற்கக் கூடாது. முதலில் நோட்டு, கையெழுத்து. அப்புறம்தான் போன்.

2. யார் ஏற்றினாலும், ஊக்குநரும் பிரதிநிதியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏற்றி முடித்ததும் கூட்டத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

3. ரகசிய எண்ணை, பையனாக இருந்தாலும், நான் கேட்டாலும் சொல்லக் கூடாது.

4. "எங்கே நின்றது" என்று ஒரு தனி நோட்டு போடுங்கள். எந்த இடத்தில் என்ன வார்த்தை புரியவில்லை, எந்தப் பொத்தான் எங்கேயோ கொண்டுபோய் விட்டது என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுத வராதவர் சொன்னால் போதும், மற்றவர் எழுதலாம்.

5. பயிற்சி கொடுக்க வருகிறவர்களிடம் அந்த நோட்டை நீட்டுங்கள். "சார், இந்த இடத்துல குரல் வேணும்", "இந்த எழுத்து சின்னதா இருக்கு" என்று தயங்காமல் கேளுங்கள். ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து தெரிந்துகொண்டு போனது இதைத்தான்.

கடைசியாக அந்த ஊக்குநர் அக்கா விஷயம். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். போனை அவர் கையிலேயே கொடுத்து, நான் வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து இடத்தில் நின்றார். மூன்று இடம் பழக்கத்தில் சரியாகிவிடும். மீதி இரண்டு இடத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், பட்டம் வாங்கிய எனக்கும் புரியவில்லை! "அசல்" எங்கே, "வட்டி" எங்கே என்று தெரியாதபடி ஒரே மாதிரி இரண்டு கட்டம். அக்கா சிரித்துவிட்டார். "அப்ப என் தப்பு இல்லியா மேடம்?" என்று கேட்டார்.

இல்லக்கா, உங்க தப்பு இல்ல. அந்த ஐந்து இடமும் இப்போது நோட்டில் இருக்கிறது. பொறுப்பும் அவரிடமே இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் அப்படி ஒரு நோட்டோடு வரவேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.