தண்ணீர் ஊற்றி அரைக்கும் உரிமை

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் பணிபுரியும் தமிழ்க் கட்டுமானத் தொழிலாளர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



1845ஆம் ஆண்டு வெளிவந்த ‘இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் நிலை’ என்னும் நூலில், ஷெஃபீல்டு நகரத்துச் சாணைத் தொழிலாளர்களைப் பற்றி எங்கெல்ஸ் எழுதியுள்ளார். கத்தியையும் முள்கரண்டியையும் சுழலும் கல்லில் தீட்டுவது அவர்களது தொழில். ஒரு பிரிவினர் கல்லை நனைத்துத் தீட்டினர். மற்றொரு பிரிவினர் உலர்ந்த கல்லில் தீட்டினர். உலர்ந்த கல்லில் தீட்டியோரின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகளை எட்டுவதே அரிதாக இருந்தது. நனைத்துத் தீட்டியோர் 45ஐத் தாண்டுவது அரிது. இரண்டுமே கொடிய வாழ்க்கைதான். ஆயினும் இடையே உள்ள 10 ஆண்டுகளைத் தந்தது தண்ணீர்.

180 ஆண்டுகள் கடந்துவிட்டன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் எழும் வீடுகளிலும், மூணாறு, நெடுங்கண்டம், குமுளிப் பகுதிகளில் எழும் விடுதிகளிலும் கிரானைட், மொசைக், கான்கிரீட் தரைகளை அரைத்து மெருகேற்றும் தொழிலாளிக்கு முன்னால் அதே கேள்வி நிற்கிறது: நனைத்து அரைப்பதா, உலர்வாக அரைப்பதா? இதைத் தொழிலாளியின் கவனம், அலட்சியம் பற்றிய கேள்வியாகவே முதலாளிகள் காட்டுகின்றனர். உண்மையில் இது கூலியைப் பற்றிய கேள்வி; அதிகாரத்தைப் பற்றிய கேள்வி.

தூசியின் கணக்கு

தரையை அரைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் தூசி விரைவில் கீழே படிந்துவிடும். கொல்லும் தூசி கண்ணுக்குத் தெரியாதது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடவும் சிறியதாக இருக்கும் சிலிகாத் துகள், மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் ஆழத்துக்குச் செல்கிறது. அங்கே தழும்பை உண்டாக்குகிறது. அந்தத் தழும்பே சிலிக்கோசிஸ் நோய். தழும்பான திசுவை மீண்டும் நலமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் வளரக்கூடும்.

எல்லாக் கல்லும் ஒன்றன்று. பளிங்கில் சிலிகா ஏறத்தாழ 2 விழுக்காடுதான். கிரானைட்டில் 20 முதல் 45 விழுக்காடு வரையும், ஓடுகளில் 30 முதல் 45 வரையும், கான்கிரீட்டில் 25 முதல் 70 வரையும் உள்ளது. சமையலறை மேடைகளுக்கு இப்போது பயன்படுத்தப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் இது 90 விழுக்காட்டையும் தாண்டலாம். ஆகவே பளிங்கு அரைத்துப் பழகிய கை, அதே முறையில் கிரானைட்டையோ பழைய கான்கிரீட் தரையையோ அரைக்கத் தொடங்கும்போது ஆபத்து பல மடங்கு பெருகிவிடுகிறது.

நோய் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படும். தூசி மிகுந்தால் 5 ஆண்டுகளிலும், மூடிய அறையில் தொடர்ந்து உலர்வாக அரைத்தால் அதற்கு முன்னரும் வரக்கூடும். சிலிகா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். இருமலும் மூச்சிரைப்பும் காசநோய் என்று மட்டுமே பதிவாகி, அடியில் உள்ள தொழில்நோய் மறைந்துபோவதும் உண்டு. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தொழிலிடத்தில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிகாவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

தோளில் கிடக்கும் துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது இந்தத் தூசியைத் தடுக்காது. குறைந்தது என்-95 தர முகக்கவசம் வேண்டும். அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். ஆனால் முகக்கவசம் கடைசி அரண்தான். தூசி எழும் இடத்திலேயே அதைத் தண்ணீரால் அமுக்குவதும், உறிஞ்சும் கருவியால் இழுப்பதுமே முதல் அரண். வீட்டுக்கான சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியை மறுபடியும் அறைக்குள் ஊதிவிடும். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்தியதே பயன்படும். அரைத்து முடித்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குவது, படிந்த நஞ்சை மீண்டும் எழுப்புவதாகும்.

தண்ணீரும் மின்சாரமும்

நனைத்து அரைப்பது நுரையீரலைக் காக்கும். ஆனால் தண்ணீர் நிற்கும் தரையில் மின் இயந்திரத்தை இயக்குவது வேறோர் ஆபத்தைக் கொண்டுவருகிறது. நுரையீரலைக் காக்கப் போய் உயிரை இழக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

ஃபியூஸ் இருக்கிறதே என்று பலர் எண்ணுகின்றனர். ஃபியூஸ் இயந்திரத்தையும் கம்பியையும் காப்பதற்கானது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் உடலில் பாய்ந்தால் மனிதன் இறந்துபோகக்கூடும். 5 ஆம்பியர் ஃபியூஸ் அப்போதும் அசையாது. மனித உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. கட்டடம் முடியாத நிலையில் அந்த இணைப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. எனவே இயந்திரத்தோடு சேர்த்தே எடுத்துச் செல்லும் பலகையில் அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அழுத்திப் பார்க்க வேண்டும்.

உலோக உடல் கொண்ட தரை பாலிஷ் இயந்திரத்துக்கு மூன்று முனை பிளக்கும் உண்மையான எர்த் இணைப்பும் கட்டாயம். வெறும் கம்பியைச் சுவிட்ச் துளையில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் கொலைக்கு ஒப்பானது. கேபிளின் நடுவே டேப் சுற்றிய ஒட்டு தண்ணீரில் கிடக்கக் கூடாது. கேபிள் எப்போதும் இயக்குபவரின் பின்புறமாக, தோளுக்கு மேலாகச் செல்ல வேண்டும். ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும்.

கையில் பிடிக்கும் சாதாரணக் கிரைண்டர் தண்ணீருக்காகச் செய்யப்பட்டதன்று. அதன் மீது தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. ஓரங்களையும் மூலைகளையும் அதைக்கொண்டு அரைக்கும்போது தூசி உறிஞ்சும் உறை பொருத்திய கிரைண்டரையோ, நீர் இணைப்புடன் தயாரிக்கப்பட்ட கருவியையோ பயன்படுத்த வேண்டும்.

வட்டும் வேகமும்

4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்கிறது. 7 அங்குல வட்டு பொதுவாக 8,500 சுழற்சிக்கே தாங்கும். வேலை விரைவாக முடியட்டும் என்று காப்பு மூடியைக் கழற்றிவிட்டுச் சிறிய கிரைண்டரில் பெரிய வட்டை மாட்டினால் என்ன நடக்கும்? வட்டின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. அது 100 மீட்டருக்கும் மேலான வேகத்தில் சுழலும். அந்த நிலையில் உடையும் துண்டு மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தை நோக்கி வரும். வட்டில் அச்சிடப்பட்ட சுழற்சி எண், இயந்திரத்தின் சுழற்சி எண்ணைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை எழுதப் படிக்கத் தெரியாத தோழரும் எண்ணைப் பார்த்தே கடைப்பிடிக்க முடியும்.

பராமரிப்பு என்பது பழுதான பின் செய்யும் வேலையன்று. தரை இயந்திரத்தின் கற்கள் ஒரே உயரத்தில் தேய்ந்துள்ளனவா, இறுக்கமாக உள்ளனவா, பெல்ட்டின் மீது மூடி உள்ளதா, பேரிங்கில் சத்தம் உள்ளதா என்று தொடங்குமுன் பார்க்க வேண்டும். கல் சமமாகத் தேயாவிட்டால் இயந்திரம் துள்ளும். அந்த அதிர்வு விரல்களை நாளடைவில் மரத்துப்போகச் செய்யும். கல் மாற்றுமுன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். இயந்திரத்தைச் சாய்ப்பதும் அதற்குப் பின்னரே. வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, மோட்டாரை உலர்த்தி வைக்க வேண்டும். பெட்ரோல் இயந்திரத்தையோ ஜெனரேட்டரையோ மூடிய அறைக்குள் ஒருபோதும் இயக்கக் கூடாது. கடைசி மெருகுக்குத் தூவும் ஆக்சாலிக் அமிலத் தூள் நஞ்சு; கையுறை இன்றி அதைத் தொடுவதும், அந்தக் கையோடு உண்பதும் கூடாது.

அரைத்த சேறு காய்ந்தால் மீண்டும் தூசியாகும். ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். வயலிலோ கிணற்றோரத்திலோ கொட்டக் கூடாது. சித்தூர் வட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2000இல் தொடங்கி 2004இல் மூடப்பட்ட பிளாச்சிமடைக் கோக்க-கோலா ஆலை, தன் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது 2003இல் அம்பலமானது.

சதுர அடிக் கூலி

இவ்வளவும் தெரிந்த தொழிலாளியும் ஏன் உலர்வாக அரைக்கிறார்? காப்பு மூடியை ஏன் கழற்றுகிறார்? விடை கூலி முறையில் உள்ளது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலியில் தண்ணீர் கொண்டுவரும் நேரம் இல்லை. சேறு அள்ளும் நேரம் இல்லை. உறிஞ்சும் கருவியின் வாடகை இல்லை. முகக்கவசத்தின் விலை இல்லை. இவற்றைக் கடைப்பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தொழிலாளியின் சொந்தக் கூலியிலிருந்தே கழிகிறது. சுவருக்கு வண்ணம் பூசிய பின்னர் தரை வேலையைத் தொடங்கச் சொல்லி, தண்ணீர் தெறிக்கக் கூடாது என்று கட்டளையிடுவோரும் உண்டு. கிரைண்டர் தொழிலாளிக்கே சொந்தமாக இருக்கும்போது, அவர் சிறு முதலாளி ஆகிவிடவில்லை; தேய்மானச் செலவும் ஆபத்தும் அவர் தலையில் ஏற்றப்பட்டுள்ளன, அவ்வளவே.

ஷெஃபீல்டிலும் தூசியை உறிஞ்சும் அமைப்பு அன்றே அறியப்பட்டிருந்தது. சில தொழிலாளர்கள் அதை உடைத்தெறிந்ததையும் எங்கெல்ஸ் பதிவு செய்கிறார். தொழில் பாதுகாப்பானதாகிவிட்டால் மேலும் பலர் வந்து சேர்வார்கள், கூலி குறைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். கூலியைக் காக்கும் சங்கம் வலுவாக இல்லாத இடத்தில், பாதுகாப்புக் கருவியே தொழிலாளிக்கு எதிரியாகத் தோன்றும் என்பதே இதன் பாடம்.

விரைவுக்காக உயிரைப் பலியிடுவதில் மூலதனத்துக்குத் தயக்கம் இருந்ததில்லை. 1930-31இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கவழி வெட்டப்பட்டபோது, சிலிகாப் பாறையை நீரின்றித் துளையிட வைத்தனர். தொழிலாளர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இறந்தோர் குறைந்தது 476 பேர் என்பது ஒரு கணக்கு. 764 பேர் என்பது பிற்கால ஆய்வின் கணக்கு. அந்தத் திட்டம் யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காக மேற்கொள்ளப்பட்டது. 1984இல் போபாலில் நஞ்சைக் கக்கியதும் அதே நிறுவனத்தின் ஆலைதான்.

சட்டம் நிற்கும் இடம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கத்தக்க நோயாக வைத்தது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் அதைத் தொழில்நோயாக ஏற்றது. ஆனால் ஐந்து பேர் சேர்ந்து தரை அரைக்கும் வீடு தொழிற்சாலை ஆகாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த தொழில் பாதுகாப்புத் தொகுப்பு, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கட்டுமானப் பணியை வெளியே நிறுத்துகிறது. சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு வரம்பு முன்பு 10 லட்சம் ரூபாய். இப்போது 50 லட்சம். தரை பாலிஷ் தொழிலாளி பெரும்பாலும் வேலை செய்வது இந்த வரம்புக்குள்தான். ஆய்வாளர் என்பவர் ‘ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்’ ஆக்கப்பட்டுள்ளார். யாருக்கு வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லையும் ஒரு தடையாகிறது. பொள்ளாச்சி, உடுமலை, போடி, கம்பம் பகுதித் தொழிலாளி கேரளத்தில் தூசியைச் சுவாசித்து, தமிழ்நாட்டில் நோயாளியாகிறார். மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ராவில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து ஊர் திரும்பி இறந்ததும் இவ்வாறே. அவர்களது அமைப்புகள் விடாது போராடியதால், 2016இல் உச்ச நீதிமன்றம் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. எல்லை தாண்டிய பொறுப்பை நிலைநாட்ட முடியும் என்பதற்கு அதுவே சான்று. ராஜஸ்தானில் கல் தொழிலாளர்கள் நீண்ட காலம் போராடியதன் பயனாக 2019இல் தனிக் கொள்கையே வகுக்கப்பட்டது. நோய் சான்றளிக்கப்பட்டவருக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று அது வரையறுத்தது. ஆஸ்திரேலியாவில், அரசு தடை செய்யாவிட்டால் தம் உறுப்பினர்கள் செயற்கைக் கல்லைத் தொடமாட்டார்கள் என்று கட்டுமானத் தொழிற்சங்கம் அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லுக்கு அரசே தடை விதித்தது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கூலி பேசும்போதே தண்ணீர், தூசி உறிஞ்சும் கருவி, முகக்கவசம், சேறு அகற்றல் ஆகியவற்றுக்கான செலவு ஒப்பந்ததாரருடையது என்று தனியே எழுதப்பட வேண்டும். சதுர அடிக் கூலியிலிருந்து இது கழிக்கப்படக் கூடாது. ஒரு குழு மட்டும் கேட்டால் வேலை வேறு குழுவுக்குப் போகும். ஒரு வட்டாரமே சேர்ந்து கேட்டால் போக இடமிருக்காது.

இரண்டாவதாக, ஒவ்வொரு கிளையும் தன் உறுப்பினர்களின் இயந்திரங்களை மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூட்டி, கேபிள், எர்த், காப்பு மூடி, வட்டு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி. பலகையைச் சங்கமே பொதுவில் வாங்கி வைக்கலாம்.

மூன்றாவதாக, ஆண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் செலவில் நடத்தப்பட வேண்டும். மருத்துவரிடம் செல்லும் தோழர், எத்தனை ஆண்டுகள் எந்தக் கல்லை அரைத்தார் என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பிற்காலத்தில் இழப்பீட்டுக்கு ஆதாரம் இல்லை.

நான்காவதாக, பாதுகாப்பு அறிவிப்புகளும் மருத்துவ அறிக்கைகளும் தமிழில் கிடைக்க வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் தமிழ், கன்னட மக்கள் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தி, தொழிலாளர் துறைக்கும் நலவாரியத்துக்கும் தமிழிலேயே மனுக்கள் செல்ல வேண்டும்.

1995இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து, 2030க்குள் சிலிக்கோசிஸை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தன. அந்த ஆண்டு நெருங்கிவிட்டது. தூசியை அடக்கும் வழி ஷெஃபீல்டு காலத்திலிருந்தே தெரியும். அறிவு குறைவால் தொழிலாளி சாகவில்லை. தண்ணீருக்கான கூலியைத் தர மறுப்பதால் சாகிறார். அந்தக் கூலியைப் பெறுவது சங்கத்தின் வேலை. அடுத்த தரை ஒப்பந்தம் பேசப்படும் நாளிலேயே அது தொடங்கட்டும்.